மேலிருந்து கேட்ட காசும் பக்கத்தில் இருந்து கேட்ட காசும்

எங்கட வட்டத்தில் பாதிப்பேரின்ட வீட்டில் ஒருவராவது அரச உத்தியோகத்தர். ரீச்சர், கிராம உத்தியோகத்தர், கச்சேரியில் கிளாக், ஆஸ்பத்திரியில் மிஸ், தபால் கந்தோரில் ஒருவர். மாதக் கடைசியில் வருகிற சம்பளச் சீட்டை யாராவது ஆறுதலாகப் பார்த்திருக்கிறீங்களா? அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி எல்லாம் மேல இருக்கும். கீழ இருக்கிறதுதான் சுவாரசியம். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு, அக்ரஹார காப்புறுதி, இடர்கடன் தவணை, சித்திரையில் எடுத்த பண்டிகை முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, நலன்புரிச் சங்கச் சந்தா. ஒரு குடும்பத்தின்ட கஷ்டகாலம் முழுக்க அந்தச் சின்னக் கடுதாசியில் கிடக்கும்.

இந்தக் கழிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு திருப்பம் உண்டு. ஓய்வூதியக் கழிவு பிறகு குடும்பத்துக்கு வரும். கடன் எண்டால் ஏற்கனவே வாங்கியாச்சு. திரும்பி வராத ஒரு வரியும் இடைக்கிடை வந்து சேரும்: நன்கொடை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அலுவலகத்தில் வைத்து, சம்பளக்காரரிடம், சம்பளத்தில் இருந்து கேட்கப்படுகிற தருமம். அதற்கு எங்கட பக்கத்தில் நூறு வருசத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கு.

கிட்ட நடந்ததில் இருந்து பின்னால போவம். 2020 மார்ச் 20 ஊரடங்கு தொடங்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணம் ஆபத்துக் கூடிய மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. நாட்கூலிக்குப் போறவையின்ட அடுப்பு முதல் கிழமையிலேயே அணையத் தொடங்கிவிட்டது. அரசாங்கம் 5,000 ரூபா கொடுப்பனவு குடுத்தது. ஊர்க் கழகங்களும் கோயில்களும் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பினவையும் அரிசி, மா, சீனிப் பொதி கட்டிக் குடுத்தார்கள். அந்த மார்ச்சிலேயே ஜனாதிபதி செயலகத்தின் கீழ் கொவிட் நிதியம் ஒன்று திறக்கப்பட்டது. 'இடுகம' எண்டு பெயர்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அப்போதைய ஜனாதிபதியின் செயலாளர் பீ.பீ. ஜயசுந்தர. அரச ஊழியர்கள் தங்கட மே மாதச் சம்பளத்தை, முழுதாகவோ ஒரு பகுதியையோ, நன்கொடையாகத் தரவேண்டும் எண்டு கேட்டிருந்தார். தன்ர சம்பளத்தைத் தானும் தருவதாகச் சொன்னார். நாட்டின் கடன் சுமையும் வரவு செலவுப் பற்றாக்குறையும் அதில் காரணமாகச் சொல்லப்பட்டன. தொழிற்சங்கங்கள், குறிப்பாக ஆசிரியர் சங்கங்கள், உடனே எதிர்த்தன. கட்டாயம் இல்லை, விரும்பினவர் தரலாம் எண்டு அரசாங்கப் பக்கம் பதில் சொன்னது.

இங்க கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கு. கடிதம் 'விரும்பினால்' எண்டுதான் சொல்லுது. ஆனால் அது போகிற வழியைப் பாருங்கோ. ஜனாதிபதியின் செயலாளரில் இருந்து அமைச்சின் செயலாளருக்கு, அவரிடம் இருந்து திணைக்களத் தலைவருக்கு, பிறகு வலயத்துக்கு, பிறகு அதிபருக்கு. ஒவ்வொரு படியிலும் 'விரும்பினால்' எண்ட சொல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கடைசியில் ஒரு ரீச்சருக்கு முன்னால ஒரு தாள் வந்து நிற்கும்போது அதைக் கொண்டுவந்தவர்தான் அவவின்ட இடமாற்றத்துக்கும் சம்பள ஏற்றத்துக்கும் கையெழுத்து வைக்கிறவர். அந்த நிலையில் 'இல்லை' சொல்லுறதுக்கு எவ்வளவு செலவு?

இது இலங்கைக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசாங்கம் தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. தர விருப்பம் இல்லாதவர் தனக்குச் சம்மதம் இல்லை எண்டு எழுதிக் குடுக்க வேணும் என்பது விதி. எழுதாவிட்டால் சம்மதம். உயர் நீதிமன்றம் அந்த விதியை இடைநிறுத்தியது. அரசாங்கம் மேன்முறையீட்டுக்குப் போயும் அதே ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் கைவைக்க மறுத்துவிட்டது. 2020 ஏப்ரலில் டில்லியில் வருவாய்த் துறை இதே வேலையைச் செய்தது: 2021 மார்ச் வரை மாதம் ஒரு நாள் சம்பளம், ஆட்சேபனை இருந்தால் ஊழியர் இலக்கத்தோட எழுத்தில் அறிவிக்கவும். பிரச்சினையான பிறகு அதே மாதக் கடைசியில் அதை மாற்றி, விரும்பினவர் மட்டும் எழுதித் தரச் சொன்னார்கள். யார் எழுத வேணும், குடுக்கிறவரா குடுக்காதவரா? சின்ன வித்தியாசம் போலத் தெரியும். குடுக்காதவர் பெயரை எழுதினால் அலுவலக லாச்சியில் ஒரு பட்டியல் உருவாகுது எண்டதுதான் விசயம்.

அமெரிக்காவில் இதை 1961 இலேயே யோசித்திருக்கிறார்கள். அங்க மத்திய அரச அலுவலகங்களுக்குள்ள வருசம் முழுக்க ஒவ்வொரு தரும நிறுவனமும் தனித்தனியாக உண்டியல் குலுக்கிக்கொண்டு வந்ததால் ஊழியர்கள் சலித்துப்போனார்கள். அந்த வருசம் மார்ச்சில் ஜனாதிபதி கென்னடி ஒரு நிறைவேற்று ஆணை போட்டார். அதில் இருந்து வளர்ந்ததுதான் கூட்டாட்சி ஊழியர்களின் ஒருங்கிணைந்த நன்கொடை இயக்கம். வருசத்தில் ஒரு தடவை மட்டும் கேட்பது. ஊழியர் ஒரு பெரிய பட்டியலில் இருந்து தான் விரும்பின நிறுவனத்தைத் தெரிவார், சம்பளத்தில் இருந்து தவணையாகப் போகும். எங்களைக் கவர்ந்தது அதின்ட தடைகள்தான். மேலதிகாரி தனக்குக் கீழ வேலை செய்யிறவரிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது. குடுத்தியா இல்லையா எண்டு விசாரிக்கக் கூடாது. எல்லா ஊழியரும் குடுக்க வேணும் எண்டு இலக்கு வைக்கக் கூடாது. ஆளுக்கு இவ்வளவு எண்டு தொகை நிர்ணயிக்கக் கூடாது. குடுக்காதவரின் பட்டியல் வைத்திருக்கக் கூடாது. இவ்வளவையும் எழுதித் தடுக்க வேண்டி இருந்தது எண்டால், இவ்வளவும் நடந்திருக்குது எண்டுதானே அர்த்தம்!

சரி, எங்கட கதைக்கு வருவம். யாழ்ப்பாணம் சம்பளத்தால் எழும்பின சமூகம். தோட்டம், பனை, கடல் எல்லாம் இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் இருந்து மிசன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் படிச்ச பெடியள் உத்தியோகம் தேடிக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள். மலாயாவில் றெயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் கிளாக்குகளாக இருந்தார்கள். வயது போனபிறகு 'மலாயாப் பென்சன்காரர்' எண்ட பட்டத்தோட ஊருக்கு வந்து கல்வீடு கட்டினார்கள். இண்டைக்கும் அந்த வீடுகளில் சில நிற்குது.

முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1915 இல், மலாயாவில் ஒரு பெரிய நிதி சேகரிப்பு நடந்தது. அல்மா பேக்கர் எண்ட தோட்ட முதலாளி பிரித்தானிய விமானப் படைக்கு விமானங்கள் வாங்கிக் குடுக்க நிதி திரட்டினார். யார் காசு குடுக்கினமோ அவர்கள் சொல்லுற பெயர் விமானத்தில் எழுதப்படும். மலாயாவில் இருந்த இலங்கைத் தமிழர் சேர்த்துக் குடுத்த காசில் ஒரு விமானம் வந்தது. அதற்கு வைத்த பெயர் 'யாழ்ப்பாணம்'.

இதை முதலில் வாசிச்சபோது எங்களுக்கு ஒரு பக்கம் சிரிப்பு. யாழ்ப்பாணத்து வானத்தில் விமானம் எண்டால் எங்கட அம்மா அப்பாவுக்கு வருகிற நினைவு வேற. இன்னொரு பக்கம் யோசனை. அந்தக் காசைக் குடுத்தவர்களில் கனபேர் யார்? வெள்ளைக்காரத் துரைக்குக் கீழ கோப்பு எழுதிக்கொண்டிருந்த கிளாக்குகள். அவர்களுக்கு ராச விசுவாசம் இருந்தது உண்மை, சமூகமாகத் தங்களைக் காட்டிக்கொள்கிற ஆசையும் இருந்திருக்கும். ஆனால் உத்தியோகம் தருகிற அரசாங்கம் போர் செய்யும்போது, அந்த அரசாங்கத்தின்ட சம்பளத்தில் இருக்கிற ஒரு சமூகம் 'நாங்கள் தரமாட்டம்' எண்டு சொல்லியிருக்க ஏலுமா? அந்த விமானத்தைக் கொடை எண்டு சொல்லலாம், விசுவாசப் பத்திரம் எண்டும் சொல்லலாம். இரண்டையும் பிரிச்செடுக்கிறது கஷ்டம்.

போர் முடிந்த பிறகு அந்த விசுவாசம் ஒவ்வொரு வருசமும் ஒரு பூவாக வந்தது. நவம்பர் 11, பொப்பி நாள். சிவப்புக் கடுதாசிப் பூ வாங்கிச் சட்டையில் குத்த வேணும். பெரும்பகுதிக் காசு பிரித்தானியாவுக்குப் போனது. போரில் நின்ற இலங்கையருக்குக் கிடைத்தது மிகக் குறைவு எண்டு 1931 இல் முன்னாள் படைவீரர் ஏலியன் பெரேரா பொப்பிக்குப் பதிலாகச் 'சூரிய மல்' விற்கத் தொடங்கினார். சூரிய மல் வேறொண்டும் இல்லை, எங்கட வேலியில் நிற்கிற பூவரசம் பூதான். 1933 இல் கொழும்பு இளைஞர்கள் அதை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள். டொரீன் யங், பிறகு டொரீன் விக்கிரமசிங்க, 'பூக்களின் போர்' எண்டு பத்திரிகையில் எழுதின கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. சேர்ந்த காசில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை ஒருத்தியின்ட படிப்புக்கு உதவினார்கள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அதே ஆட்கள் கிராமங்களுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டு போனார்கள். 1935 கடைசியில் லங்கா சமசமாஜக் கட்சி உருவாகினபோது இந்தக் கூட்டம்தான் அதின்ட அத்திவாரம்.

பூவரசம் பூவைக் குத்திக்கொண்டு அரச கந்தோருக்குள் போன ஒரு கிளாக்கை நினைச்சுப் பாருங்கோ. துரை சிவப்புப் பூவோட இருக்கிறார், இவர் மஞ்சள் பூவோட கோப்பை நீட்டுறார். யாருக்குக் குடுக்கிறாய் எண்டது நெஞ்சில் தெரிகிற மாதிரி இருக்கு. அதனாலதான் அலுவலகத்துத் தருமம் ஒருநாளும் தருமம் மட்டும் இல்லை எண்டு சொல்லுறம்.

அதே 1933 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இன்னொரு வேண்டுகோள் வெளிவந்தது. எங்களைக் கேட்டால் இந்தக் கட்டுரையின்ட நாயகன் இவர்தான்: க. மு. செல்லப்பா. நீதிமன்றத்தில் வேலை செய்த ஒரு அலுவலர். தன்ர வீட்டில் இருந்த புத்தகங்களை ஊர்ச் சனத்துக்கு இரவல் குடுத்துக்கொண்டிருந்தவர். யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் இலவசமான ஒரு மத்திய தமிழ் நூல்நிலையம் வேணும் எண்டு ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுதிச் சுற்றுக்கு விட்டார்.

அவரிடம் என்ன அதிகாரம் இருந்தது? ஒண்டும் இல்லை. யாருடைய சம்பளத்திலும் ஒரு சதம் கழிக்கச் சொல்ல ஏலாது. நீதிபதியிடம் கேட்டால் மேல பார்த்துக் கேட்க வேணும், சக கிளாக்கிடம் கேட்டால் பக்கத்து மேசையைப் பார்த்துக் கேட்க வேணும். அவருக்கு மறுப்புச் சொன்னால் யாருக்கும் இடமாற்றம் வராது. ஆகவே குடுத்தவர், புத்தகம் வேணும் எண்டபடியால் குடுத்தார் எண்டு நம்பலாம்.

1934 யூன் 9 யாழ். மத்திய கல்லூரியில் கூட்டம். நீதிபதி சி. குமாரசுவாமி தலைமை தாங்கினார். சேர்ந்த காசு 1,184 ரூபா 22 சதம். அந்தக் காசோட 1934 ஓகஸ்ட் 1 ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சின்ன வாடகை அறையில் நூல்நிலையம் திறந்தாச்சு. 844 புத்தகங்கள், முப்பதுக்கு மேற்பட்ட பத்திரிகைகளும் சஞ்சிகைகளும், கொஞ்சக் கதிரை. 1935 தை முதலாம் திகதி அதை நகரசபை பொறுப்பெடுத்தது. அந்த வாடகை அறையின்ட வாரிசுதான் 1959 இல் திறந்த வெள்ளை மாளிகையும், 1981 யூன் முதலாம் திகதி விடியும்போது 97,000 புத்தகங்களோட சாம்பலாகக் கிடந்ததும். எரிஞ்ச கதையை நாங்கள் கனக்கச் சொல்லியிருக்கிறம். கட்டின கதையைக் குறைவாகத்தான் சொல்லுறம். எரிஞ்சு ஒரு வருசத்தில், 1982 இல், சனம் நூலக வாரம் வைத்து ஆயிரக்கணக்கில் புத்தகம் சேர்த்ததும் அந்தக் கட்டின கதையில் சேரும்.

22 சதத்தைக் கவனிச்சீங்களா? 1934 இல் சேர்த்த காசின்ட சதக்கணக்கு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியுது. கணக்கு எழுதிப் பழகின நீதிமன்றக்காரர் ஒருவர் இருந்தபடியாலோ என்னவோ!

பிறகு வந்த காலத்தில் குடுக்கிறதும் கேட்கிறதும் இங்க வேற மாதிரி ஆகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் எண்டு புலிகள் இயக்கம் கேட்டது எங்கட அம்மாமாருக்கு மறக்காது. அதில் மனமார விரும்பிக் குடுத்தவையும் இருந்தினம், தாலிக்கொடியைப் பார்த்து அழுதுகொண்டு குடுத்தவையும் இருந்தினம். இரண்டு பேருக்கும் ஒரே பற்றுச்சீட்டு. இதைச் சொன்னால் சில பேருக்குக் கோவம் வரும். ஆனால் கொழும்பு கேட்டால் கட்டாயம், எங்கட ஆட்கள் கேட்டால் கொடை எண்டு வரலாறு எழுத எங்களுக்கு மனம் இல்லை. துவக்கு வைத்திருக்கிறவர் கேட்டாலும் இடமாற்றக் கடிதம் வைத்திருக்கிறவர் கேட்டாலும், மறுக்கிறவருக்கு என்ன நடக்கும் எண்ட கேள்வி ஒண்டுதான். விடையின்ட பாரம் மட்டும் வேற.

2004 டிசெம்பர் 26 சுனாமி வடமராட்சி கிழக்கை அடிச்சது. மணற்காடு, மருதங்கேணிப் பக்கம் கரை முழுக்கச் செத்தவீடு. உலகம் முழுக்க இருந்து இலங்கைக்குக் காசு வந்தது. வடக்கு கிழக்குக்கு அதைப் பிரிச்சுக் குடுக்க அரசாங்கமும் புலிகளும் 2005 யூனில் ஒரு பொதுக்கட்டமைப்புக்குக் கையெழுத்து வைத்தார்கள். மூன்று கிழமைக்குள், யூலை 15 அன்று, உயர் நீதிமன்றம் அதின்ட முக்கிய பிரிவுகளை நிறுத்தியது. பிராந்திய நிதியமும் கிளிநொச்சியில் வைக்க இருந்த அலுவலகமும் அதில் போயிற்று. பிறகு அந்தக் கட்டமைப்பு எழும்பவே இல்லை. அதே காலத்தில் தெற்கில் 'ஹெல்பிங் அம்பாந்தோட்டை' எண்ட கணக்குக்கு சுனாமி நிவாரணத்தில் இருந்து 82 மில்லியன் ரூபா போனது எண்ட விவகாரம் வெடிச்சது. அந்தப் பொலிஸ் விசாரணையையும் உயர் நீதிமன்றம்தான் நிறுத்தியது.

ஆகவே 2020 மேயில் சம்பளம் தாங்கோ எண்டு கடிதம் வந்தபோது இங்க ஒரு ரீச்சர் 'காசு எங்க போகும்?' எண்டு கேட்டால், அதைக் கஞ்சத்தனம் எண்டு சொல்ல முடியாது. அவ அதே மாதம் பக்கத்து வீட்டுக்கு இரண்டு கிலோ அரிசி குடுத்திருப்பா. பக்கத்து வீட்டில் உலை கொதிக்கிறது அவவுக்குத் தெரியும். பற்றாக்குறையைக் குறைக்கக் குடுக்கிற காசு எந்த உலையில் கொதிக்கும்? வரவு செலவுப் பற்றாக்குறை எண்டது அனுதாபப்படக்கூடிய ஆள் இல்லை. வரிக்குப் போக வேண்டிய விசயத்தைத் தருமத்தின்ட பெயரில் கேட்டது அந்தக் கடிதத்தின்ட பெரிய பிழை எண்டு நாங்கள் நினைக்கிறம். வரி எண்டால் பாராளுமன்றம் பேச வேணும், இருக்கிறவனிடம் கூட எடுக்க வேணும். நன்கொடை எண்டால் ஒரு கடிதம் போதும், அதுவும் சம்பளச் சீட்டு உள்ளவனிடம் மட்டும். அதுக்கு ஆறு மாதம் முந்தித்தான், 2019 டிசெம்பரில், அதே அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில் இருந்து 8 வீதமாக்கியிருந்தது.

'இடுகம' நிதியத்துக்கு மொத்தம் சுமார் 220 கோடி ரூபா சேர்ந்தது. 2022 செப்டெம்பர் 30 உடன் அதை மூடினார்கள். மிஞ்சின சுமார் 21 கோடி ஜனாதிபதி நிதியத்துக்கு மாற்றப்பட்டது. அந்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியில் பணவீக்கம் 69.8 வீதம். நன்கொடை கேட்கப்பட்ட அதே சம்பளம், கேட்காமலே பாதியாகிப் போயிருந்தது.

அந்த நாட்களிலும் நிற்காமல் ஓடினது நலன்புரிச் சங்கம்தான். ஒவ்வொரு கந்தோரிலும் ஒன்று இருக்கும். ஆளுக்கு ஒரு சின்னச் சந்தா. யாருக்காவது செத்தவீடு எண்டால் மலர்வளையமும் ஒரு கடித உறைக்குள் காசும். ஒப்பரேசன் எண்டால் வேற. காசு போதாவிட்டால் ஒருத்தர் வெள்ளைத்தாளில் பெயர் எழுதி மேசை மேசையாகக் கொண்டு திரிவார். சரி, அதிலும் நெருக்குதல் இல்லாமல் இல்லை. 'ஆயிரம் போட்டவை எல்லாரும், நீங்கள் ஐநூறா?' எண்டு ஒரு பார்வை வரும். எண்டாலும் தாளைக் கொண்டு வாறவரும் அதே சம்பளக்காரர். அடுத்த மாதம் அவருக்கே தேவைப்படலாம். வருசக் கடைசிக் கூட்டத்தில் பொருளாளர் எழும்பி வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு எண்டு வாசிப்பார். கணக்குப் பிழைச்சால் அங்கேயே வைத்துக் கேட்பினம், தேத்தண்ணி குடிக்க முந்தி.